கோணல் மாடிக்கு எத்தனை சதுர அடி?

கேள்வி: எங்கள் மொட்டைமாடி நாலு பக்கமும் நாலு அளவு: வரிசையாக 20, 15, 17, 12 அடி. எதிரெதிர் பக்கங்களின் சராசரியைப் பெருக்கி, 250 சதுர அடிக்குத் தட்டோடு வாங்கச் சொல்கிறார் மேஸ்திரி. சரிதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை. மேஸ்திரி ஏமாற்றவில்லை; மிகப் பழைய வழக்கம் இது. எகிப்தின் எட்ஃபு கோயில் கல்வெட்டுகளில்கூட நிலங்களை இப்படித்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் நாலு மூலையும் செங்கோணமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

இன்னும் ஒரே ஓர் அளவு எடுங்கள். 20 அடிப் பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். 25 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மாடி இரண்டு முக்கோணம். 25, 17, 12 அடி முக்கோணத்தைப் பாருங்கள். மூன்றையும் கூட்டினால் 54, பாதி 27. அந்த 27-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 2, 10, 15. நான்கு எண்களையும் பெருக்கினால் 8100. அதன் வர்க்கமூலம் 90 சதுர அடி. செல்போன் கால்குலேட்டரே போதும். அலெக்சாந்திரியாவின் ஹெரான் தந்த சூத்திரம் இது. கோணம் எதையும் அளக்கத் தேவையில்லை. மற்ற முக்கோணம் இதே வழியில் 150. ஆக மொத்தம் 240.

படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி மேடை இருந்தால் அவற்றின் நீள அகலத்தைப் பெருக்கிக் கழித்துவிடுங்கள். கோணல் ஓரங்களில் ஓடு வெட்டும்போது சேதாரம் இருக்கும். அதற்குப் பத்து சதவீதம் சேருங்கள். மேஸ்திரியின் 250-இல் சேதாரம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.