திரையில் பூத்த காதலா? பணம் கேட்டால் உஷார்!

சுங்கை பட்டாணியோ, கூலிமோ, பீடோங் பக்கத்துத் தோட்டமோ, இன்று வரன் பார்ப்பதும் பழகுவதும் கைப்பேசியில்தான். ஆனால் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு போலியாக உருவாக்கிவிடுகிறது. இப்படிப் போலி முகம் காட்டிக் காதல் பேசி, சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர் சுருட்டியதாக 27 பேரை 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் கைது செய்தது.

• வீடியோ அழைப்பில் பேசுபவரை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். முகத்தின் குறுக்கே கையை அசைக்கச் சொல்லுங்கள். படம் குலைந்தால் சந்தேகப்படுங்கள். குலையாவிட்டாலும் அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள்.

• அவருடைய படத்தைக் கூகுளில் தேடிப் பாருங்கள். வேறு பெயரில் வந்தால் பேச்சை நிறுத்துங்கள்.

• "பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது", "ஆஸ்பத்திரிச் செலவு" என்றால் ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். அந்தரங்கப் படமும் வேண்டாம்.

• கேட்கிறார்களே என்று உங்கள் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ இரவல் தராதீர்கள். வழக்கு உங்கள் மேல் பாயும்.

• அவர் தரும் கணக்கு எண்ணை மலேசியப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதியுங்கள்.

• முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். அக்காவிடமோ அண்ணனிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

• செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தரும் காதல் வரிகளை அப்படியே அனுப்பாதீர்கள். சொந்தப் பேச்சுத்தான் உறவாகும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகார் கொடுங்கள். முந்தினால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.