மூன்று ஆறுகளின் நகரம்

கடந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயிலும் அக்காவைக் காண நானும் பெற்றோரும் சென்றிருந்தோம். ஒரு நாள் அதிகாலையில் அக்கா எங்களைப் பாசாவ் நகருக்கு அழைத்துச் சென்றார். இரண்டு மணி நேரத்திற்கும் சற்றுக் கூடுதலான இரயில் பயணத்திற்குப் பின், ஆஸ்திரிய எல்லையை ஒட்டியுள்ள அந்தப் பழமையான நகரை அடைந்தோம்.

முதலில் புனித ஸ்டீபன் தேவாலயத்தைக் கண்டோம். 1662ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது, தேவாலயமும் தப்பவில்லை. அதன்பின் இத்தாலியக் கலைஞர்கள் அதை மீண்டும் எழுப்பினர். அங்குள்ள ஆர்கன் இசைக்கருவியில் ஏறத்தாழ 18,000 குழல்கள் உள்ளன என்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம்.

பின்னர், ஆற்றைக் கடந்து மலைமீதுள்ள ஓபர்ஹவுஸ் கோட்டைக்கு ஏறினோம். 1219ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அங்கிருந்து பார்த்தால் மூன்று ஆறுகள் ஒன்றுகூடுவது நன்றாகத் தெரிந்தது. நடுவே டேன்யூப் ஆறு ஓடியது. ஆல்ப்ஸ் மலையின் பனியுருகு நீரைச் சுமந்து வரும் இன் ஆறு, வெளிறிய பச்சை நிறத்தில் இருந்தது. சதுப்பு நிலங்களின் வழியே வரும் இல்ஸ் ஆறோ கருமையாகத் தோன்றியது. மூன்று நிறங்களும் சிறிது தூரம் கலவாமல் அருகருகே ஓடின.

மலையிலிருந்து இறங்கிப் பழைய நகர மன்றத்தை அடைந்தோம். அதன் சுவரில் பல கோடுகளும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு கோடு அப்பாவின் தலைக்கும் மேலே இருந்தது.

“அக்கா, இவை என்ன?” என்று கேட்டேன்.

“வெள்ளம் ஏறிய உயரங்கள், தம்பி. அங்கே தெரிவது 2013ஆம் ஆண்டுக் கோடு. பல நாள் கனமழையால் ஆறுகள் பெருக்கெடுத்தன. டேன்யூப் ஆற்றின் நீர்மட்டம் ஏறத்தாழ 12.9 மீட்டரைத் தொட்டது. 1501ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு பெரிய வெள்ளம் இங்கு வந்ததில்லை.”

“இந்தத் துயரத்தை ஏன் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? மறந்துவிடலாமே!”

அக்கா புன்னகைத்தார். “மறந்துவிட்டால் அடுத்த வெள்ளத்திற்கு எப்படி ஆயத்தமாவது? ஆற்றோரம் வாழ்பவர்கள், நீர் எதுவரை வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?”

நீர் வடிந்தபின் நடந்ததையும் அக்கா கூறினார். பாசாவ் பல்கலைக்கழக மாணவர்கள் சமூக ஊடகத்தின் வழி ஒன்றுதிரண்டனர். மண்வெட்டியும் வாளியும் ஏந்தி, முன்பின் அறியாதவர்களின் வீடுகளிலும் கடைகளிலும் நிறைந்திருந்த சேற்றை அள்ளி அகற்றினர். யாரும் கட்டளையிடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

மாலையில், மூன்று ஆறுகளும் சேரும் முனையில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். நீர் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும், சுவரில் கண்ட கோடு என் மனத்தை விட்டு அகலவில்லை.

எங்கள் ஊரிலும் ஆறு இருக்கிறது, வெள்ளமும் வந்திருக்கிறது. அது எதுவரை ஏறியது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தாத்தாவிடம் அதைக் கேட்க வேண்டும் என்று எண்ணியவாறே இரயிலில் ஏறினேன்.