மேசைமேல் ஒரு யானைப்படை

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் யானை நம் தம்பி தங்கையர் கையில் வெறும் பொம்மையே. அதையே மேசைமேல் சிறு போர்வீரர் உருவங்களுக்கு நடுவே நிறுத்திவிட்டால், அது கணிதமும் வரலாறும் கற்பிக்கும் ஆசானாகிவிடுகிறது.

மேசைப் போர் விளையாட்டில் அடிக்கோலால் தூரம் அளந்து உருவங்களை நகர்த்துவர். வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் பகடை உருட்டி முடிவு செய்வர். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிகள் வகுத்து, 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். சிறுவருக்கு மட்டுமன்றி, அறிவுள்ள சிறுமியருக்கும் இது உரியது என்று நூலின் முகப்பிலேயே குறித்துவிட்டார். ஆகவே நாமும் ஆடலாம்!

முதற்பாடம் அளவு. வீரன் பொம்மையின் உயரம் 28 மில்லிமீட்டர் என்போம். 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதனை அது குறித்தால், அதன் அளவு 60-இல் ஒரு பங்கு. உண்மைச் சிங்கத்தின் தோள் உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். எனவே பொம்மைச் சிங்கம் 20 மில்லிமீட்டர் இருந்தால் போதும். 40 மில்லிமீட்டர் சிங்கத்தை நிறுத்தினாலோ, அது ஆளைவிட உயர்ந்த பூதமாகிவிடும்! பொம்மை வாங்கச் செல்கையில் அடிக்கோலையும் எடுத்துச் செல்வது நன்று.

இரண்டாம் பாடம் வரலாறு. கி.மு. 202-இல் வட ஆப்பிரிக்காவில் நடந்த ஸாமா போரை மேசையில் அமைத்துப் பார்ப்போம். கார்த்தேஜ் தளபதி ஹானிபால் 80-க்கு மேற்பட்ட யானைகளை முன்னணியில் நிறுத்தினார். ரோமானியத் தளபதி ஸிப்பியோ தம் படைப்பிரிவுகளுக்கிடையே நேரான சந்துகளை விட்டுவைத்தார். எக்காள ஒலியில் மிரண்ட யானைகள் சில, திரும்பித் தம் பக்கத்துக் குதிரைப்படைமீதே பாய்ந்தன. மற்றவற்றுள் பல அச்சந்துகளின் வழியே ஓடிவிட்டன. புத்தகத்தில் பலமுறை படித்தும் விளங்காத இவ்வணிவகுப்பு, பொம்மைகளை நகர்த்தியதும் கணத்தில் விளங்குகிறது.

மூன்றாம் பாடமே முதன்மையானது. ஆட்டம் முடிந்ததும் வீழ்ந்த வீரனும் யானையும் பழுதின்றிப் பெட்டிக்குத் திரும்புகின்றனர். மெய்யான போரில் அவ்வாறு திரும்புவாரில்லை. விளையாட்டுப் போரே மெய்ப்போரின் மடமையை உணர்த்தும் என்றுதான் வெல்ஸும் தம் நூலை முடித்தார். ஆயினும் மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப்போர் மூண்டது. மனிதரோடு இலட்சக்கணக்கான குதிரைகளும் மடிந்தன. அவை எவர்மீதும் பகை கொண்டவையல்ல. மனிதன் இழுத்துச் சென்ற இடத்துக்குச் சென்றவை.

எனவே தோழியரே, மேசைமேல் யானையை நகர்த்தும்போது நாம் அந்த வாயில்லா உயிர்களையும் நினைப்போம். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் வாழ்த்தியது போரில் வென்றவரை அன்று, சமாதானம் செய்வோரையே. போர் மேசையோடு நிற்கட்டும்; நம் உள்ளத்தில் அமைதி நிலைக்கட்டும்!