பந்தும் மருந்தும்

நுழையும்முன்

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர் அடித்த கோல்களையும் வென்ற கோப்பைகளையும் கணக்கிடுகிறோம். அவர் களத்திற்கு வந்து சேர்ந்த வழியைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. டென்மார்க் நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்காக நூறு பன்னாட்டுப் போட்டிகளுக்கு மேல் ஆடிய நதியா நதீம் அந்நாட்டில் பிறந்தவர் அல்லர். அவர் எவ்வாறு டென்மார்க்கின் சட்டையை அணிந்தார்? இப்பாடத்தின் வழியே அறிவோம்.

ஊர் நீங்கிய குடும்பம்

நதியா நதீம் 1988 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்தார். தந்தை படைத்தளபதி, தாய் கல்விப்பணி ஆற்றியவர். 2000 ஆம் ஆண்டில் தாலிபான்கள் தந்தையைக் கொன்றனர். பெண்கள் பள்ளி செல்லவும் வேலைக்குப் போகவும் தடை விதிக்கப்பட்டிருந்த காலம் அது. ஐந்து பெண்மக்களுடன் தனித்து நின்ற தாய், நாட்டை விட்டு வெளியேறுவது என முடிவு செய்தார்.

பாகிஸ்தான் வழியாக இத்தாலியை அடைந்த அக்குடும்பம், அங்கிருந்து சரக்குந்து ஒன்றில் மறைந்து பயணம் செய்தது. இலண்டன் நகருக்குச் செல்கிறோம் என்றே அவர்கள் நம்பியிருந்தனர். இறங்கிப் பார்த்தபோதுதான் தாங்கள் வந்து சேர்ந்தது டென்மார்க் என்பதை அறிந்தனர். அறியாத ஊர், புரியாத மொழி. ஆயினும் உயிருக்கு அச்சமில்லை. அங்கு அவர்கள் அகதிகள் முகாமில் தங்க வைக்கப்பட்டனர்.

வேலிக்கு அப்பால் ஒரு மைதானம்

முகாமை அடுத்துப் பசும்புல் மைதானம் ஒன்று இருந்தது. அங்கே தம் வயதுச் சிறுமியர் பந்தாடுவதை நதியா கண்டார். பெண்கள் இவ்வாறு ஓடியாடலாம் என்பதே அவருக்குப் புதுமையாக இருந்தது. தாமும் ஆட விரும்பினார், வாய்ப்புக் கேட்டார், சேர்த்துக்கொள்ளப்பட்டார். டேனிய மொழியைக் கற்றுக்கொள்ளும் முன்பே பந்தின் மொழி அவருக்குக் கைவந்தது எனலாம்.

ஆல்போர்க், விபோர்க் முதலிய ஊர்களின் அணிகளில் பயின்று, முன்கள ஆட்டக்காரராக வளர்ந்தார். 2012 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் புகழ்பெற்ற ஃபோர்ட்டுனா யோரிங் அணியில் இணைந்தார்.

தடையாய் நின்ற விதி

நாட்டுக்காக ஆட அழைப்பு வந்தபோது ஒரு தடை குறுக்கிட்டது. டேனியக் குடியுரிமை பெற்றிருந்தும், 18 வயதிற்குப் பின் ஐந்தாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி கூறியது. பணத்திற்காக வீரர்கள் நாடு மாறுவதைத் தடுக்க எழுந்த அவ்விதி, உயிர் காக்க நாடு மாறிய பெண்ணையும் தடுத்தது. டென்மார்க் கால்பந்துச் சங்கம் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்து வாதிட்டது. விதிவிலக்கு வழங்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டு அல்கார்வே கோப்பைத் தொடரில் அமெரிக்காவிற்கு எதிராக நதியா முதன்முதலாகக் களம் இறங்கினார்.

2017 ஆம் ஆண்டின் கோடை

நெதர்லாந்தில் நடைபெற்ற 2017 ஐரோப்பியக் கோப்பைத் தொடரின் காலிறுதியில் டென்மார்க் செருமனியைச் சந்தித்தது. தொடர்ந்து ஆறு முறை கோப்பையை வென்றிருந்த அணி செருமனி. கனமழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மூன்றாம் நிமிடத்திலேயே செருமனி முந்தியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் நதியா தலையால் முட்டிச் சமன் செய்தார். தெரேசா நீல்சன் அடித்த கோலால் டென்மார்க் 2-1 என வென்றது.

இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக ஆறாம் நிமிடத்தில் பெனால்டி வாய்ப்பைக் கோலாக்கினார் நதியா. எனினும் 4-2 என்ற கணக்கில் டென்மார்க் தோற்றது.

அவ்வாண்டே வேறொரு போராட்டமும் நிகழ்ந்தது. ஊதியம், ஒப்பந்த உரிமை ஆகியவை குறித்து வீராங்கனைகளுக்கும் சங்கத்திற்கும் உடன்பாடு எட்டவில்லை. சுவீடனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி நடைபெறாமல் போயிற்று. வெற்றி சுவீடனுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டாலும், 2019 உலகக் கோப்பைக்கு டென்மார்க் தகுதி பெறவில்லை. உரிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவ்வீராங்கனைகள் அனுபவத்தால் அறிந்தனர்.

இருவேறு கல்வி

கடல் கடந்தும் நதியாவின் ஆட்டம் தொடர்ந்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் தார்ன்ஸ் அணியுடன் 2017 இல் வாகையர் பட்டம் வென்றார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணியில் ஆடியபின் பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியில் சேர்ந்தார். தொடர்ந்து 14 முறை பட்டம் வென்றிருந்த லியோன் அணியின் ஆதிக்கத்தை அவ்வணி 2021 இல் முடிவுக்குக் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் இடையே ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவமும் பயின்றார். பயிற்சி முடிந்தபின் பாடநூல், விடுமுறைக் காலத்தில் மருத்துவமனை என நாள்கள் நகர்ந்தன. 2021 இல் முழங்கால் தசைநார் கிழிந்து களத்தை விட்டு விலகியிருந்த வேளையில் படிப்பை நிறைவு செய்து, 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவரானார். அவ்வாண்டின் ஐரோப்பியக் கோப்பை அணியிலும் இடம்பெற்றார்.

அதே ஆண்டு நவம்பரில், உலகக் கோப்பைத் தொலைக்காட்சிப் பணிக்காகக் கத்தார் சென்றிருந்தபோது, தாய் சாலை விபத்தில் இறந்த செய்தி வந்தது. ஐந்து பெண்மக்களை அழைத்துக்கொண்டு எல்லை கடந்த அத்தாய், தம் மகள் மருத்துவரானதைக் கண்ட பின்னரே மறைந்தார்.

ஆடுகளத்தில் ஒருவர் நிற்கும் காலம் குறுகியது. கற்ற கல்வி இறுதிவரை உடன் வரும். இதனை உணர்ந்து இரண்டையும் கைவிடாமல் காத்ததே நதியா நதீமின் சிறப்பு.

தெரிந்து தெளிவோம்

1971 ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடைபெற்ற அதிகாரப்பூர்வமற்ற பெண்கள் உலகக் கோப்பையை டென்மார்க் வென்றது. இறுதிப் போட்டியின் மூன்று கோல்களையும் அடித்த சுசன்னே அகஸ்டெசனுக்கு அப்போது வயது 15.

சொல்லும் பொருளும்

சரக்குந்து – பொருள்களை ஏற்றிச் செல்லும் வண்டி
விதிவிலக்கு – விதிக்கு உட்படாதவாறு அளிக்கும் தனி இசைவு
வாகையர் – வெற்றி பெற்றோர்
உடன்பாடு – இருதரப்பும் ஒப்புக்கொண்ட முடிவு

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. பசும்புல் 2. இவ்வேறுபாடு 3. முதன்முதலாக

ஆ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
1. கைவந்தது 2. குறுக்கிட்டது 3. களம் இறங்கினார்

இ. குறுவினா
1. நதியாவின் குடும்பம் எங்குச் செல்வதாக நம்பியது? எங்கு வந்து சேர்ந்தது?
2. நதியா நாட்டுக்காக ஆடுவதற்குத் தடையாய் நின்ற விதி யாது?

ஈ. நெடுவினா
விளையாட்டையும் கல்வியையும் நதியா நதீம் ஒருங்கே காத்த வகையினை விவரிக்க.

உ. சிந்தனை வினா
'உரிமைக்காகப் போட்டியை இழப்பது சரியே' – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.