கொதிக்க வைத்தால் போகாத உப்பு

குஜராத்துக்கு மாற்றலாகி வரும் நம் குடும்பங்கள் முதல் மாதமே சொல்லும் குறைகள் சில உண்டு. காபி ருசிக்கவில்லை, துவரம்பருப்பு வேக மறுக்கிறது, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ படிகிறது. பிறகு அவர்களே தங்களுக்கு ஆறுதலும் சொல்லிக் கொள்வார்கள்: "எப்படி இருந்தாலும் நாங்கள் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்!" அகமதாபாத்தில் நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அதில் பாதி சரி, பாதி சரியல்ல. எந்தப் பாதி சரி என்பது தெரிய வேண்டுமானால், பிள்ளைகளின் வேதியியல் புத்தகத்தில் வரும் கலவை, சேர்மம் பாடத்தை நாமும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இங்கே குஜராத்தி வழியில் இவற்றை மிஷ்ரண், சன்யோஜன் என்று படிக்கிறார்கள். ஹிந்தி வழியில் படித்தால் சேர்மம் என்பது யௌகிக். ஆங்கிலப் பள்ளியில் மிக்சர், காம்பவுண்ட். மிக்சர் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தீபாவளிதான் நினைவுக்கு வரும். சிரிக்க வேண்டாம், கலவைக்கு அதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் கிடையாது. காராபூந்தி, ஓமப்பொடி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வறுத்த கறிவேப்பிலை எல்லாம் ஒரே டப்பாவில் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் ருசியை விடுவதில்லை. கடலையைக் கூடப் போடலாம், குறைத்தும் போடலாம். அப்போதும் அது மிக்சர்தான். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கவும் முடியும். வீட்டில் கடலை மட்டும் காணாமல் போவது எப்படி என்பது உங்களுக்கே தெரியும்! தன் குணம் மாறாமை, அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாமை, மறுபடி பிரிக்க முடிவது: கலவையின் இலக்கணம் இதுதான்.

சேர்மம் அப்படிப்பட்டதல்ல. நாம் தினமும் சாம்பாரில் போடும் உப்பையே எடுத்துக் கொள்ளுங்கள். அதில் இருப்பவை சோடியமும் குளோரினும். சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். தண்ணீர் பட்டால் சீறி எரியும் என்பதால் மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. முதல் உலகப் போரில் 1915-இல் போர்க்களத்தில் ஆயுதமாகவே பயன்பட்டது. இவை இரண்டும் கூடினால் கிடைப்பது நாம் நாக்கில் வைக்கும் உப்பு! சோடியத்தின் சீற்றமும் இல்லை, குளோரினின் நஞ்சும் இல்லை. கூடும் அளவும் நம் இஷ்டம் அல்ல. 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின், அவ்வளவுதான். தூத்துக்குடி உப்பானாலும் கட்ச் உப்பானாலும் இந்தக் கணக்கு மாறாது. சேர்மங்களில் அளவு மாறாது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு ஜோசப் புரூஸ்ட்.

உப்பிலிருந்து சோடியத்தைச் சல்லடையாலோ வடிகட்டியாலோ பிரிக்க முடியாது. அதற்கு இரசாயன மாற்றம் நடந்தாக வேண்டும். நம் சங்கத்து அன்பர்கள் பலர் வேலை பார்க்கும் பரூச், தஹேஜ் பக்கத்து ஆலைகளில் இது அன்றாடம் நடக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் குளோரினும் ஹைட்ரஜனும் வாயுவாக வெளியேறும், கரைசலில் காஸ்டிக் சோடா உண்டாகும். அந்தக் குளோரின்தான் பிறகு நகராட்சித் தண்ணீரில் கிருமியைக் கொல்ல வருகிறது. காலையில் குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதனுடையதே.

இங்கே ஒரு சிறு சிக்கல் உண்டு, தேர்வில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். உப்பு சேர்மம், தண்ணீரும் சேர்மம். ஆனால் உப்புத் தண்ணீர் கலவைதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உப்பு உப்பாகவே இருக்கிறது, நாக்கு அதற்குச் சாட்சி. எவர்சில்வரும் பித்தளையும்கூட இப்படிக் கலவைகளே. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது பாத்திரம் செய்பவரின் விருப்பம்.

இனி பிரிக்கும் வழிகள். பெரிய பெரிய பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் நம் அடுக்களையில் இருப்பவைதாம். எந்த முறையானாலும் அடிப்படை ஒன்றே: கலந்திருக்கும் இரண்டு பொருள்களுக்கும் எதில் வேற்றுமை இருக்கிறது என்று பார்த்து, அந்த வேற்றுமையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். முறத்தில் புடைக்கும்போது எடையின் வேற்றுமை. மாவு சலிக்கும்போது அளவின் வேற்றுமை. அரிசியில் கல் அரிக்கும்போது, தண்ணீரில் எது முதலில் அடியில் தங்குகிறது என்ற வேற்றுமை. தயிர் கடையும்போது வெண்ணெய் திரண்டு மேலே மிதப்பதும் அடர்த்தியின் வேற்றுமைதான். காபி ஃபில்டரில் இரண்டு வேலை நடக்கிறது. வெந்நீர் தன்னில் கரையக்கூடியதை மட்டும் பொடியிலிருந்து இழுத்துக் கொள்கிறது, கரையாத சக்கையை மேல் தட்டின் துளைகள் நிறுத்தி வைக்கின்றன. டிகாஷன் தயார்! ஆனால் கீழே இறங்கிய டிகாஷனை மறுபடி அதே ஃபில்டரில் பத்து முறை ஊற்றினாலும் தெளிந்த தண்ணீர் வராது. கரைந்து போனதை வடிகட்டி பிடிக்காது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், தண்ணீர் விஷயத்தில் இது மறுபடி வரும்.

கிராமத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து வைப்பார்கள், காலையில் நீர் தெளிந்திருக்கும். வடநாட்டார் அதையே நிர்மலி என்கிறார்கள். படிகாரம் செய்வதும் இதே வேலைதான். மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கி அடியில் இறக்கி விடும். மேலே தெளிந்ததை மெதுவாகச் சாய்த்து எடுப்பதற்கு நம் பழைய சொல் இறுத்தல். தமிழ்ப் பாடநூல்களிலும் தெளிய வைத்து இறுத்தல் என்றே இருக்கிறது. டிகாண்டேஷனை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, பாட்டி ரசத்தைத் தெளிவாக இறுப்பதைக் காட்டி விடுங்கள், போதும். திறந்து வைத்த டப்பாவில் சூடம் நீராகாமலே மறைந்து போகிறதே, அது பதங்கமாதல். அப்படி ஆவியாகாத பொருளோடு சூடம் கலந்திருந்தால் இளஞ்சூட்டில் அதைத் தனியே பிரித்து விடலாம்.

உப்பளத்துக்கு வருவோம். இந்திய உப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குஜராத்திலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்புகள் என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள், சாப்பாட்டு உப்பு அதில் ஏறத்தாழ 27 கிராம்தான். மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள் எல்லாம் உண்டு. கட்ச் சிறிய ரண் பகுதியில் அகரியா மக்கள் கிணறு தோண்டிக் கடல்நீரைவிட உப்பேறிய நீரை இறைத்து, மழைக்காலம் முடிந்தது முதல் கோடை வரை பாத்திகளில் காய விடுகிறார்கள். வெயில் தண்ணீரை மட்டும் கொண்டு போகிறது. அப்படியே முழுவதும் வற்ற விட்டால் எல்லா உப்பும் ஒன்றாகக் கலந்து கசக்கும். அதனால் போமே மானி என்ற மிதவைக் கருவியால் அடர்த்தியைப் பார்த்துக் கொண்டே இருப்பார்கள். 13 டிகிரியிலிருந்து ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். அதை அந்தப் பாத்தியிலேயே விட்டுவிட்டு, 25 டிகிரி வந்ததும் நீரை அடுத்த பாத்திக்கு மாற்றினால் உப்புப் படிகம் விளையும். 29, 30 டிகிரியில் மீந்த நீரை வெளியேற்றி விட வேண்டும். அந்தக் கசப்பு நீரில்தான் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது சிறிது ஒட்டிக் கொண்டு வந்தால்கூட மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிந்து ஒழுகும். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பேர், பல்கலைக்கழகத்தில் படிகமாக்கல் என்று கற்பிப்பதைக் கால் வெடிக்க நின்று செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கூலியை நினைத்தால் எனக்கு உப்பு கரிக்கத்தான் செய்கிறது.

இந்த எளிய ஆவியாதலை உரிமம் இல்லாமல் செய்வதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1930 மார்ச் 12-இல் நம் ஊர் சபர்மதியிலிருந்து காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டதும், அடுத்த மாதமே ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் அதை எதிர்த்துத்தான். குஜராத்தில் வாழும் தமிழர்களுக்கு இரண்டு வகையில் உறவான உப்பு அது!

இப்போது நம் சமையலறைக் குடத்துக்கு வருகிறேன். தண்ணீரில் இருப்பவை மூன்று வகை: மிதக்கும் தூசி, உயிருள்ள கிருமிகள், கரைந்த உப்புகள். துணியும் படிகாரமும் முதல் வகைக்கு. கொதிக்க வைத்தல் இரண்டாவதுக்கு. நன்றாகக் குமிழ் பொங்கி ஒரு நிமிடம் கொதித்தாலே போதும். மூன்றாவது வகையை இவை தொடுவதில்லை. உப்பளத்தில் நடப்பதுதான் அடுப்பிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது, கரைந்தது அடியில் நிற்கிறது. ஆவியை விட்டுவிட்டு மீதியைக் குடித்தால் அது கொதிக்க வைத்தல்; ஆவியைப் பிடித்துக் குளிர வைத்து எடுத்தால்தான் அது காய்ச்சி வடித்தல். இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் கடையில் வாங்கி ஊற்றுவது அப்படி எடுத்த நீர்.

பாத்திர அடியில் படியும் வெள்ளை மட்டும் இதற்கு விலக்கு. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அது இரசாயன மாற்றம். அந்த அளவுக்குக் கடினத்தன்மை குறையும் என்பது உண்மைதான். சல்பேட், குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் இப்படிப் போகாது.

ஃபுளோரைடை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய தர நிர்ணயம். மெஹ்சானா, பனாஸ்காண்டா பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் இதற்கு மேல் உண்டு. 1.5 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க விட்டு முக்கால் லிட்டராக வற்ற வைத்தால், அந்த நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும்! "கிருமி சாகட்டும்" என்று அரை மணி நேரம் கொதிக்க விடும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகுவதும் இதனால்தான். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் கொண்டு ஃபுளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை உருவாக்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு வழி எடுத்தார்கள். நிலத்தடி நீரோடு மல்லுக்கட்டுவதை விட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரியையே கொண்டு வந்தார்கள். அது 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

வீட்டில் ஆர்.ஓ. கருவி வைத்திருப்பவர்கள் கரைந்த உப்பைப் பிரிக்கத்தான் செய்கிறார்கள். தமிழில் இது எதிர் சவ்வூடு பரவல். அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வின் வழியே தள்ளினால் உப்பு இந்தப் பக்கமே நின்று விடும். ஆனால் உப்பு மறைந்து விடுவதில்லை, மற்றொரு குழாயில் வெளியேறும் கழிவு நீரில் செறிந்து போகிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக் கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் ஆர்.ஓ. வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நர்மதைக் கால்வாய் நீர் வரும் வீட்டில் கரைந்த உப்பு பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீருக்கு இந்தக் கருவி தேவையில்லை என்ற கருத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் உத்தரவிட்டது. சொசைட்டியின் போர்வெல் நீர் என்றால் கதை வேறு. விற்பனையாளர் பேனா போல ஒரு மீட்டரை நீரில் நுழைத்துக் காட்டுவாரே, அது மொத்த உப்பின் அளவை மின்கடத்தலைக் கொண்டு மதிப்பிடுவது. அந்த உப்பில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடப் பரிசோதனைதான் வேண்டும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நன்கு துலக்கித் துடைத்த மூன்று எவர்சில்வர் தட்டுகளில் ஒவ்வொரு கரண்டி நீர்: ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் பாதியாக வற்றக் கொதிக்க வைத்து ஆறிய அதே நீர், மூன்றாவதில் இன்வெர்ட்டருக்கு வாங்கிய காய்ச்சி வடித்த நீர். மொட்டை மாடி வெயிலில் வைத்துக் காய்ந்ததும் எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தத் தட்டில் வெள்ளை வளையம் அதிகம், எதில் இல்லை, ஏன் என்று அவர்களே நோட்டில் எழுதட்டும், தமிழில்.