காப்பகக் குழந்தைகள் தெருவில் நடக்கலாமா?

கேள்வி: ஜப்பானில் காப்பகக் குழந்தைகளுக்கு ஒரே நிறத் தொப்பி போட்டு, வரிசையாகத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகிறார்களே, வண்டிகள் ஓடும் சாலையில் இது வீண் ஆபத்து இல்லையா?

பதில்: ஆபத்து உண்டுதான். 2019 மே 8 அன்று ஓட்சு நகரில் இரண்டு கார்கள் மோதியதில், அவற்றில் ஒன்று நடைபாதையில் நின்றிருந்த காப்பகக் குழந்தைகள்மீது பாய்ந்தது. இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். ஆனால், அவர்கள் நின்றது நடைபாதையில். தவறு குழந்தைகள் பக்கம் இல்லை. எனவே அரசு நடையைத் தடை செய்யவில்லை. காப்பகங்கள் செல்லும் வழிகளைக் காவல்துறையோடும் சாலைத் துறையோடும் சேர்ந்து ஆய்வு செய்யச் சொன்னது. காப்பகங்களைச் சுற்றி ஓட்டுநர்களை எச்சரிக்கும் ‘கிட்ஸ் ஸோன்’ பகுதிகளை அமைக்க வழி செய்தது. திருத்தவேண்டியது சாலையை, குழந்தையின் நடையை அல்ல என்பதே இதன் பொருள்.

‘முற்றத்திலேயே விளையாடலாமே’ என்பீர்கள். நகரக் காப்பகங்கள் பலவற்றுக்கு முற்றமே கிடையாது. அருகிலுள்ள பூங்காவை அதற்கு ஈடாகக் கொள்ள அங்கே விதி இடம் தருகிறது. ஒன்று முதல் நான்கு வயதுவரை தினமும் 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அடைத்த அறையில் அது எளிதல்ல. ஆள் போதாது என்பது மட்டும் நியாயமான மறுப்பு. அறைக்குள் போதுமான ஆட்கள் தெருவுக்குப் போதமாட்டார்கள்; கிளம்பும்போதும் பூங்காவை விட்டுப் புறப்படும்போதும் தலை எண்ணியாக வேண்டும். கை குறைந்த நாளில் நடையை விட்டுவிடலாம்; அதற்காக நடையையே கைவிடக் கூடாது.