லாஸ்ட் நேம் இல்லாத நமக்கு ‘மேபி’ ஏன் வேணும்?

எந்த ஆன்லைன் ஃபார்மைத் திறந்தாலும் ‘லாஸ்ட் நேம்’ பெட்டி பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். ராசிபுரமோ ஆத்தூரோ, நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இருப்பது இனிஷியல். காலியா விட்டா சப்மிட் ஆகாது. ஒருத்தர் புள்ளி வைப்பார், இன்னொருத்தர் அப்பா பெயரைப் போடுவார், மூணாவது ஆள் தன் பெயரையே ரெண்டு தடவை அடிப்பார். கம்பைலருக்கு மூணும் வெறும் ஸ்ட்ரிங்தான்.

விளையாட்டு இல்லைங்க. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகும்: ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’. இல்லாத ஒன்று, இருப்பது மாதிரி வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கு.

1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸைச் சேர்த்த டோனி ஹோர், 2009-இல் லண்டன் மாநாட்டில் அதைத் தன் ‘பில்லியன் டாலர் தவறு’ என்றார். ஜாவாவில் ஸ்ட்ரிங் என்று எழுதிய எந்த இடத்திலும் நல் ஒளிந்திருக்கலாம். டைப்பைப் பார்த்தால் தெரியாது. ஹாஸ்கெல் அதை டைப்பிலேயே சொல்ல வைக்கிறது (கீபோர்டில் ஆங்கிலத்தில்தான் அடிக்கணும்):

டேட்டா மேபி அ = நத்திங் | ஜஸ்ட் அ

பெயர் :: ஸ்ட்ரிங்
குடும்பப்பெயர் :: மேபி ஸ்ட்ரிங்

இப்போ ‘பெயர் ++ குடும்பப்பெயர்’ என்று எழுதினால் டைப் எரர். மேபி என்பது மூடிய டப்பா. திறந்து பார்த்துத்தான் எடுக்கணும்:

கேஸ் குடும்பப்பெயர் ஆஃப்
  நத்திங் -> பெயர்
  ஜஸ்ட் கு -> பெயர் ++ " " ++ கு

நத்திங் வரியை மறந்தால் எல்ம் மொழி கம்பைலே ஆகாது. ஹாஸ்கெல் கொஞ்சம் தாராளம்: ‘-வால்’ ஃபிளாக் போட்டால்தான் எச்சரிக்கும். போட்டுக்கோங்க. ‘ஃப்ரம்ஜஸ்ட்’ பக்கம் மட்டும் போகாதீங்க, நத்திங் வந்தா ரன் டைமில் கவிழ்த்துடும்.

‘ஃப்ரம்மேபி’ நல்லது, ஆனா யோசித்துப் பயன்படுத்தணும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் விசிட் விசா பயணிகளை அனுமதிப்பதில்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று விளக்கியது. அதாவது ‘ஃப்ரம்மேபி அப்பாபெயர் குடும்பப்பெயர்’! எல்லைச் சோதனைக்கு அது சரி. அதே மதிப்பை டேட்டாபேஸில் எழுதிவிட்டால், நாளைக்கு உங்களுக்கு வரும் மெயில் உங்க அப்பாவை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடும். டீஃபால்ட்டைக் காட்டும் இடத்தில் போடுங்க, சேமிக்கும் இடத்தில் வேண்டாம்.

இன்னொரு சிக்கல். நத்திங் என்றால் ‘இல்லை’யா, ‘இன்னும் கேட்கலை’யா? ரெண்டும் வேற. அதுக்கு மேபி போதாது, சொந்த டைப் எழுதணும்:

டேட்டா குடும்பப்பெயர்நிலை = கேட்கவில்லை | இல்லை | உண்டு ஸ்ட்ரிங்

‘கேட்கவில்லை’ என்றால் மட்டும் ஃபார்ம் மறுபடி கேட்கட்டும். ‘இல்லை’ என்று சொன்னவரிடம் சிவப்பு நட்சத்திரத்துக்கு வேலை இல்லை.